கல்பாசி எந்த மரத்தில் இருந்தது?

எங்கள் தெருவில் இன்றைக்கு யார் வீட்டில் கோழிக்குழம்பு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சட்டியில் எண்ணெய் காய்ந்து கல்பாசி விழுந்ததுமே தெருவுக்குத் தெரிந்துவிடும். பொட்டலத்தில் இருக்கும்வரை அதற்குப் பெரிதாக வாசனை கிடையாது. அழுக்குப் படிந்த காகிதக் கிழிசல் மாதிரி கிடக்கும். சூடான எண்ணெய் பட்டதும் ஈர மரமும் புகையும் கலந்தாற்போல ஒரு மணம் கிளம்பும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் குழம்பை மற்ற ஊர்க் குழம்பிலிருந்து பிரித்துக் காட்டுவதில் மிளகாயைவிட இதற்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கட்சி.

போன மாதம் ஒரு பொட்டலத்தை வெள்ளைத் துணியில் கொட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு துண்டும் மேலே வெளிர் சாம்பல் நிறம், கீழே கரிக்கறுப்பு. ஓரங்கள் சுருண்டு, சிலவற்றில் மாவு தூவியதுபோலப் பொடி ஒட்டியிருந்தது. பாதித் துண்டுகளின் அடியில் மரப்பட்டைச் சிம்பு பிடித்துக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பினால் சில வந்தன, சில கல்பாசியையும் கிழித்துக்கொண்டுதான் வந்தன. எங்கள் வீட்டில் சமைக்க வரும் ஆச்சி, “பட்டை கிடந்தா கசக்கும், நல்லாப் பாத்து எடுங்க” என்றார். அன்று சாயங்காலம் பலசரக்குக் கடையில் கேட்டேன்.

“அண்ணே, கல்பாசி எங்கேருந்து வருது?”

“மதுரையில மொத்தக் கடையிலேருந்து வருது தம்பி. அவங்களுக்கு மலையிலேருந்து வருது.”

“எந்த மலை?”

“மலைதான்.”

அவரைக் குறை சொல்ல முடியாது. பொட்டலத்தின் மேல் எடையும் விலையும் அச்சாகியிருக்கிறது, மலையின் பெயர் அச்சாகவில்லை. அந்த ‘மலைதான்’ என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று தேடிப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் அஞ்சறைப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். மிளகும் ஏலமும் மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டில் தானாக வளர்ந்தவை. பட்டைக்குப் பூர்வீகம் இலங்கை. அன்னாசிப்பூ தென்சீனா, வட வியட்நாம் மலைச் சரிவுகளின் மரம். மராட்டி மொக்கு முள்ளிலவ மரத்தின் காய்ந்த மொக்கு. ஜாதிக்காய் பாண்டா தீவுகளிலிருந்து கிளம்பி உலகம் சுற்றியது. செட்டிநாட்டார் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போன கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சைகோன் எல்லாம் இந்தச் சரக்குகளின் ஊர்களுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தால், சமையலறையும் பேரேடும் ஒரே வரைபடத்தைப் பார்த்து எழுதியவை போலத் தோன்றும். ஆனால் இந்தப் பெட்டியில் பெரும்பாலானவற்றை மனிதன் தோட்டத்தில் வளர்க்கக் கற்றுக்கொண்டுவிட்டான். கல்பாசியை யாரும் பயிர் செய்வதில்லை. அது முழுக்க முழுக்கக் காட்டிலிருந்து உரித்துக்கொண்டு வருவது.

மலையில் மட்டும் ஏன் இவ்வளவு வகை? ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி வெப்பம் குறைகிறது. அடிவாரத்தில் முள்காடு, நடுவில் இலையுதிர் காடு, அப்புறம் பசுமைமாறாக் காடு, உச்சியில் சோலையும் புல்வெளியும் என்று ஒரே நாளில் நடந்து கடக்கிற தூரத்துக்குள் நான்கைந்து நாடுகளின் தட்பவெப்பம் அடுக்கியிருக்கிறது. ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிற செடி பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு வெயில் பட்ட மேட்டைத் தாண்டிப் போக முடியாது. லட்சக்கணக்கான ஆண்டுகள் அப்படியே பிரிந்து கிடந்தால் அது தனி இனமாகவே ஆகிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் 7,000க்கும் மேற்பட்ட பூக்கும் தாவர இனங்கள் இருக்கின்றன. அவற்றில் 1,200க்கும் மேற்பட்டவை உலகில் வேறு எங்கும் கிடையாது. 2012இல் அதன் 39 பகுதிகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்கு இதுதான் அடிப்படை.

அதே மலைதான் நம்மை வறண்ட பூமியாகவும் வைத்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் ஈரத்தை மேற்குச் சரிவு பிழிந்துகொள்கிறது. அங்கே ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும் இடங்கள் உண்டு. நமக்கு மிஞ்சுவது காய்ந்த காற்று. அதனால்தான் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி வைத்தார்கள். இந்த மண்ணில் விவசாயத்தை மட்டும் நம்பி உட்கார முடியாது என்பதும், நம்மவர்கள் கப்பல் ஏறியதற்கு ஒரு காரணம். ஆக, செட்டிநாடு மலையிலிருந்து தள்ளி இருக்கிறது என்று சொல்வது பாதி உண்மை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அத்தனை நாள் சமவெளியில் நடந்து, நத்தம் திண்டுக்கல் தாண்டி மலை நீலமாக எழும்பும்போது கால் வலி குறைகிறது என்பார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு மலை இருக்கிறது. சிங்கம்புணரியை ஒட்டிய பிரான்மலையைத்தான் பாரியின் பறம்பு என்று சொல்கிறோம். மூவேந்தரும் முற்றுகையிட்டபோது கபிலர் அவர்களுக்குச் சொன்ன பதிலில், உழவர் உழாமலே அந்த மலை நான்கு விளைச்சல் தரும் என்று ஒரு கணக்கு வருகிறது: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். படையெடுத்து வந்தவர்களிடம் கோட்டையின் உயரத்தைச் சொல்லாமல் மலையில் என்ன விளைகிறது என்று பட்டியல் போட்டிருக்கிறார். மலை என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கல்பாசியை அந்த உழாத விளைச்சலில் ஐந்தாவதாகச் சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, கல்பாசி என்பது என்ன? பெயரில் பாசி இருக்கிறது, ஆனால் பாசி இல்லை. வடக்கே ‘கல் பூ’ என்ற பொருளில் அழைக்கிறார்கள், பூவும் இல்லை. பள்ளிப் புத்தகத்தில் லைக்கன் என்று படித்திருப்போம். ஒரு பூஞ்சையும் ஒரு நுண்பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம் அது. பாசி வெயிலில் உணவு சமைக்கிறது. பூஞ்சை வீடு கட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. நம் பொட்டலத்தில் முக்கியமாக இருப்பது பார்மோட்ரீமா பெர்லேட்டம் என்ற இனம். அதோடு அதன் உறவுக்கார இனங்கள் சிலவும் கலந்தே வரும், உரிக்கிறவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஓரத்தில் பார்த்தேனே மாவு போன்ற பொடி, அதுதான் அதன் விதைக்குச் சமம். ஒவ்வொரு துகளிலும் கொஞ்சம் பூஞ்சையும் கொஞ்சம் பாசியும் இருக்கும். காற்றில் போய் இன்னொரு பட்டையில் ஒட்டினால் புதுக் குடித்தனம் தொடங்கும்.

வேர் கிடையாது. மரத்திலிருந்து அது ஒன்றும் உறிஞ்சுவதில்லை, ஒட்டிக்கொள்ள இடம் கேட்கிறது, அவ்வளவுதான். தண்ணீரையும் சத்தையும் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் மூடுபனியிலிருந்தும் நேரடியாக எடுத்துக்கொள்கிறது. அதனால் காற்றில் இருக்கிற நஞ்சும் வடிகட்டாமல் உள்ளே போய்விடும். கந்தக டை ஆக்சைடு அதிகமான ஊரில் முதலில் மறைவது லைக்கன்கள்தான். காற்று எவ்வளவு சுத்தம் என்று பார்க்க விஞ்ஞானிகள் மரப்பட்டையைப் பார்ப்பது இதனால்தான். மழை இல்லாவிட்டால் சருகாகக் காய்ந்து காத்திருக்கும், ஈரம் பட்டதும் மறுபடி உயிர் பிடிக்கும். இவ்வளவு பொறுமையான உயிருக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். உள்ளங்கை அகலம் விரியப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகலாம். ஆறு பேருக்குக் குழம்பு வைக்க நாம் கிள்ளிப் போடும் அந்தத் துண்டு, வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையின் வயதில் பாதியாவது இருக்கும்.

அதற்கு எல்லா மரமும் ஆகாது. வயதான, சொரசொரப்பான பட்டையுள்ள, பனி படியும் மரம் வேண்டும். இமயமலையில் ஓக் மரங்கள், நம் நீலகிரி, பழனி மலைகளில் சோலை மரங்கள். விறகுக்கும் பதனிடும் பட்டைக்கும் என்று யூகலிப்டஸும் சீகை எனப்படும் வாட்டிலும் நட்ட இடங்களைப் பார்த்தால் தூரத்திலிருந்து காடு போலத்தான் இருக்கும். ஆனால் யூகலிப்டஸ் தன் பட்டையை உரித்துக்கொண்டே இருக்கிற மரம். மெதுவாக வளரும் ஒரு உயிர் அதில் எப்படி நிலைத்து நிற்கும்? பச்சையாக இருப்பதெல்லாம் காடு என்று எண்ணுவதில் வருகிற நஷ்டம் இப்படிப்பட்ட சின்ன விஷயங்களில்தான் முதலில் தெரியும்.

உத்தராகண்ட் வனத்துறை 2020இல் முன்சியாரியில் லைக்கன்களுக்கென்றே ஒரு பூங்கா அமைத்தது. இந்தியாவில் அதுதான் முதல். அங்கே மலைக் கிராமத்தாருக்கு லைக்கன் சேகரிப்பு ஒரு வருமானம், அதனால் அதைப் பற்றிய அக்கறையும் அங்கே முந்தியிருக்கிறது. கல்பாசியை இவ்வளவு சாப்பிடுகிற நமக்கு அப்படி ஒன்று பழனி மலையிலோ கொல்லி மலையிலோ வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எந்த மரத்தில் எவ்வளவு இருக்கிறது, உரித்த இடத்தில் திரும்ப வர எத்தனை ஆண்டு ஆகிறது, காற்றில் ஒடிந்து விழுந்த கிளைகளிலிருந்து மட்டும் எடுத்தால் எவ்வளவு தேறும் என்று உட்கார்ந்து அளந்தால்தான், ‘இவ்வளவு எடுக்கலாம், இதற்கு மேல் கூடாது’ என்று சொல்ல முடியும். மலை ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் இப்படித்தான், ஒரே மரத்தின் முன்னால் அளவுகோலோடு வருஷா வருஷம் போய் நிற்பது.

அதற்கு முன்னால் பெயர் தெரிய வேண்டும். இந்த வேலைக்குத்தான் ஹெர்பேரியம். செடியைப் பூவோடும் காயோடும் பறித்து, செய்தித்தாள்களுக்கு இடையில் வைத்து அழுத்திக் காயவைத்து, கெட்டி அட்டையில் ஒட்டி, கீழே ஒரு சீட்டு: எடுத்த இடம், உயரம், தேதி, எடுத்தவர் பெயர். சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் சருகு. சீட்டு இருந்தால் இருநூறு ஆண்டுக்கு அப்புறமும் சாட்சி சொல்லும்.

தென்னிந்தியாவில் இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சென்னை மாகாணம் முழுக்கத் தாவரங்களைச் சேகரித்தார். அவருக்கு ஓவியம் வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்தியர்கள். இதழின் நரம்பு வரை எண்ணிப் பார்க்கும் அந்தப் படங்கள் இல்லாமல் வைட்டின் நூல்களுக்கு இவ்வளவு மதிப்பு இருந்திருக்காது. ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரை வைட் சூட்டினார். இந்தியத் தாவர ஆய்வகம் 1890இல் தொடங்கப்பட்டது. அதன் தென் மண்டல அலுவலகமும் பழைய மெட்ராஸ் ஹெர்பேரியமும் இப்போது கோவையில் இருக்கின்றன. நமக்கு இன்னும் பக்கத்தில், திருச்சி தூய வளனார் கல்லூரியில், 1967இல் கே.எம். மேத்யூ அடிகளார் ரபினட் ஹெர்பேரியத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டுச் சமவெளியையும் கிழக்கு மலைகளையும் சேர்த்து ஒரு பெரிய தாவரத் தொகுப்பை 1980களில் முடித்து, 1999இல் பழனி மலைக்கென்று தனித் தொகுப்பும் கொண்டுவந்தார். காரைக்குடியில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில் இப்படி ஒரு இடம் இருப்பது நம் ஊரில் பல பேருக்குத் தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

பழைய சீட்டு எப்படிச் சாட்சி சொல்லும் என்பதற்குத் தாமிரபரணிப் பக்கம் ஒரு உதாரணம் இருக்கிறது. சிங்கம்பட்டி மலையின் பெயரையே தாங்கிய யூஜீனியா சிங்கம்பட்டியானா என்று ஒரு சிறு மரம். 19ஆம் நூற்றாண்டில் பெட்டோம் என்ற வன அதிகாரி அதை விவரித்து எழுதினார். அப்புறம் நீண்ட காலம் யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்த நேரத்தில் களக்காடு முண்டந்துறைக் காட்டில் மறுபடி கண்டெடுத்தார்கள். பெட்டோமின் விவரிப்பும் பழைய தாளும் இல்லாமல் இருந்திருந்தால், காட்டில் நேருக்கு நேர் நின்றாலும் அது எது என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இன்றைக்கும் அது விரல்விட்டு எண்ணும் இடங்களில் மட்டும் இருக்கிற, மிக ஆபத்தான நிலையிலுள்ள மரம்.

அப்படியானால் விதையை எடுத்துக் குளிர் அறையில் வைத்துவிட்டால் தீர்ந்ததா? நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் அது சரிவரும். உலர்த்திக் குளிரவைத்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். ஆனால் மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை காய்ந்தால் செத்துப்போகும். விழுந்த ஈரத்தோடு உடனே முளைப்பதற்கென்றே படைக்கப்பட்ட விதைகள் அவை. ஜாதிக்காய் அப்படி, மிளகும் அப்படி. அதனால் மிளகின் வகைகளைக் காப்பாற்ற முக்கிய வழி கொடியைக் கொடியாகவே வளர்த்து வைப்பது. கோழிக்கோட்டில் இருக்கும் இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் அப்படி ஆயிரக்கணக்கான மிளகுக் கொடிகளைத் தோட்டத்தில் வைத்துப் பராமரிக்கிறது.

காட்டு மிளகு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். காட்டு மிளகில் பெரும்பாலும் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. இரண்டும் ஒரே பூவில் சேர்ந்து வந்த கொடிகளை முன்னோர்கள் பார்த்துப் பொறுக்கி, வெட்டி நட்டு நட்டுத்தான் இன்றைய தோட்ட மிளகு வந்தது. கேரளத்தில் உதிரங்கோட்டை என்ற நாட்டு வகையையும் செறியகாணியக்காடன் என்ற இன்னொன்றையும் ஒட்டுச் சேர்த்து 1971இல் வெளிவந்ததுதான் பன்னியூர்-1, உலகின் முதல் கலப்பின மிளகு. வேரைத் தின்று ஒரே மழைக்காலத்தில் கொடியைச் சாய்த்துவிடும் வாடல் நோய்க்கு எதிர்ப்பு தேடும்போது, ஆராய்ச்சியாளர்கள் ஓடுவது காட்டு உறவுகளிடம்தான். செட்டியார் வீட்டுப் பேச்சில் சொன்னால் காடு வட்டி கொடுக்கிற முதல். முதலில் கைவைத்தால் அப்புறம் எந்தப் பேரேடும் நிற்காது.

முதலில் கைவைத்த கதை நம் வீடுகளுக்குள்ளேயே நிற்கிறது. கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ ஒரு பெரிய வீட்டின் முகப்புத் தூணைக் கட்டிப்பிடித்துப் பாருங்கள். இரண்டு கையும் பின்னால் சேராத தூண்கள் உண்டு. ஒரே மரம், பர்மாத் தேக்கு. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் பர்மாவின் பெகு மலைகளில் நின்ற மரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக வெட்டி, இரண்டு மூன்று ஆண்டு நின்றபடியே காயவிட்டு, அப்புறம் சாய்த்து ஆற்றில் விடுவார்கள். 1856இல் அங்கே பொறுப்பேற்ற டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர், மரங்களை எண்ணி, எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவுதான் வெட்டலாம் என்று கணக்கு வகுத்தார். கரேன் மக்கள் மலையில் நெல் விதைக்கும் இடத்திலேயே தேக்கையும் நடச் செய்தார். பின்னால் 1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவர் ஆனதும் அவர்தான். இவ்வளவு கணக்குப் போட்டும் இயற்கைத் தேக்குக் காடு சுருங்கிக்கொண்டேதான் வந்தது. 2014 ஏப்ரல் முதல் மியான்மர் உருட்டுக் கட்டை ஏற்றுமதியைத் தடை செய்தது. தோட்டங்களில் கோடிக்கணக்கில் நிற்கும் தேக்கு, இயற்கைக் காட்டில் இன்று அழியும் ஆபத்திலுள்ள இனமாக உலகச் செம்பட்டியலில் இருக்கிறது. பழைய வீடுகளை இடித்து விற்கும்போது தூணை எடை போட்டு விலை பேசுகிறார்கள். அது எந்தக் காட்டின் கடைசித் தலைமுறையாக இருக்கும் என்ற நினைப்பு எனக்கு வராமல் இருப்பதில்லை.

இதில் மலையில் இருக்கிற மனிதர்களை விட்டுவிட்டுப் பேசக் கூடாது. கல்பாசியை உரிப்பவரும் தேன் எடுப்பவரும் பெரும்பாலும் பழங்குடி மக்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருளின் மேல் அவர்களுக்கு உரிமை கொடுத்தது. அவர்களுடைய அறிவுக்கு விலை உண்டு என்பதை முதலில் நிரூபித்தது அகத்தியமலை. 1987இல் அங்கே போன ஆராய்ச்சிக் குழுவுக்கு வழிகாட்டிய காணி மக்கள் களைப்பே இல்லாமல் ஏறினார்கள். ஏதோ ஒரு காயை வழியில் மென்றுகொண்டிருந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, உரிமத் தொகையில் பாதியைக் காணி மக்களுக்குக் கொடுத்தது. 2002இல் நாட்டுக்கே வந்த பல்லுயிர்ச் சட்டத்தில் இந்தப் பகிர்வு விதியாக ஆனது. ஆனால் கல்பாசி மாதிரி கைமாறிக் கைமாறி வரும் சரக்கில், உரித்தவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று நம் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று மட்டும் அவரிடம் பேசினால், அவசரமாகப் பட்டையோடு சேர்த்து உரிப்பதுதான் அவருக்குக் கட்டுபடியாகும். என் துணியில் விழுந்த சிம்புகளுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

வெப்பம் கூடுவது இன்னொரு கவலை. சூடு ஏறினால் மலைச் செடி மேலே போகும், விதை மேலே விழுந்து முளைக்கும். ஆனால் உச்சிக்கு மேல் என்ன இருக்கிறது? சோலையின் செடிகள் ஏற்கெனவே கடைசிப் படியில் நிற்கின்றன. மூடுபனி கொஞ்சம் மேலே தள்ளிப் படிந்தாலே பனியைக் குடித்து வாழும் லைக்கனுக்குப் பட்டினிதான்.

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். மேலூர்ப் பக்கம்தான், நமக்குத் தூரமில்லை. பெரிய மலைகூட இல்லை, பாறைக் குன்றுகள். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் குன்றில் இருப்பதைப் பெயர் சொல்லி எண்ணிக் காட்டியதால் அது சாத்தியமானது. பிரான்மலைக்கும் நம் கோயில்காடுகளுக்கும் அப்படி ஒரு பட்டியல் எடுக்க நம் கல்லூரிப் பிள்ளைகள் போதும். 1948இல் காரைக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்ட மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். விஞ்ஞானத்துக்குக் கொடுத்துப் பழகிய ஊர் இது. ஒரு ஹெர்பேரியத்துக்கு அதில் நூறில் ஒரு பங்கு இடமும் வேண்டாம். காற்றுப் புகாத அலமாரிகளும் செடியைப் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்த இரண்டு மூன்று பேரும் வேண்டும். அந்த இரண்டு மூன்று பேர்தான் இப்போது கிடைப்பது அரிதாகிக்கொண்டு வருகிறது. வகைப்பாட்டியல் படித்தால் வேலை இல்லை என்று பிள்ளைகள் வேறு பக்கம் போய்விடுகிறார்கள்.

துணியில் சேர்ந்த பட்டைச் சிம்புகளை எனக்குத் தெரிந்த தாவரவியல் ஆசிரியை ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எந்த மரம் என்று சொன்னால் எந்த மலை என்று ஓரளவு ஊகிக்கலாம் என்பது என் எண்ணம். கைலென்ஸை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பூ இருந்தா சொல்லிடுவேன் சார். காய் இருந்தாலும் சொல்லலாம். வெறும் பட்டையில கஷ்டம்” என்றார். அப்புறம் லென்ஸை என்னிடம் கொடுத்து, “இதைப் பாருங்க” என்று ஒரு சிம்பைக் காட்டினார். வெள்ளைப் படலத்தின் மேல் மெல்லிய கறுப்புக் கோடுகள், குழந்தை கிறுக்கியது மாதிரி, வளைந்தும் கிளைத்தும். அதுவும் ஒரு லைக்கன்தானாம். எழுத்து போல இருப்பதாலேயே பெயர் பெற்ற வகை. கல்பாசிக்கு அடியில், அதே பட்டையில், தன் பாட்டுக்கு இருந்திருக்கிறது.

அந்தச் சிம்பை ஒரு தீப்பெட்டியில் போட்டு, வாங்கிய தேதியையும் கடையையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். ‘எடுத்த இடம்’ என்ற வரி மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.